தேவதாஸை நம்பாதீர்கள்

ஹைதராபாத்தில் ஓர் ஆய்வுக் குழு பெட்ரோல் பங்குகளில் போய் நின்றது. பெட்ரோல் போட வந்த இருசக்கர வண்டிக்காரர்களிடம் வரிசையாகக் கேட்டது: லைசென்ஸ் இருக்கிறதா, எப்படி வாங்கினீர்கள், ஹெல்மெட் போடுவீர்களா? அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஸ்டாஃப் காலேஜைச் சேர்ந்த ராக்கி தண்டோனா முதலானோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் சொல்லியிருந்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் ஹெல்மெட் போடுவதே இல்லை, போட்டாலும் எப்போதாவதுதான். பத்தில் ஒருவருக்கு லைசென்ஸே கிடையாது. லைசென்ஸ் வைத்திருந்தவர்களிலும் ஐந்தில் ஒருவர், ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போகாமலேயே அதை வாங்கியிருந்தார்.

இருபது வருடம் ஓடிவிட்டது. இப்போது கேமரா படம் பிடித்து சலான் நேராக ஃபோனுக்கே வருகிறது. ஆனாலும் செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் ராஜீவ் ரஹதாரியில், லால் பஜாரைத் தாண்டி லோத்குண்டா பக்கம் கல்லூரி விடும் நேரத்தில் நின்று பாருங்கள். ஒரே பைக்கில் மூன்று பேர், நடுவில் இருப்பவன் மடியில் மூவரின் பைகள். ஹெல்மெட் இருக்கும், ஆனால் முழங்கையில் தொங்கும். சிக்னல் மஞ்சளானதும் பின்னால் இருப்பவன் ஏதோ கத்துவான், வண்டி சீறும். இது லோத்குண்டாவின் தனிச்சொத்து இல்லை, தாம்பரத்திலும் பீளமேட்டிலும் இதே காட்சிதான். விலையைத்தான் மறந்துவிடுகிறோம். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

இதைப் பார்க்கிற பெரியவர்களுக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான். பயல்களுக்கு ஆபத்து தெரியவில்லை, எடுத்துச் சொல்ல வேண்டும். உடனே விழிப்புணர்வுப் பேரணி, உறுதிமொழி, பதாகை, பிரமுகர் உரை. கல்லூரிகள் இதில் செலவழிக்கும் நாட்களைக் கூட்டினால் ஒரு பாடமே நடத்தி முடிக்கலாம்.

ஆனால் உளவியல் ஆய்வுகள் இந்த நம்பிக்கையின் அடியிலேயே கை வைக்கின்றன. இளைஞர்கள் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்களா என்று சூசன் மில்ஸ்டீனும் போனி ஹால்பர்ன்-ஃபெல்ஷரும் சோதித்தார்கள். 2002-இல் வந்த முடிவு நேர் எதிராக இருந்தது: பதின்வயதினர் பல ஆபத்துகளைப் பெரியவர்களைவிடக் கூடுதலாகவே மதிப்பிட்டார்கள். விபத்து நடக்கலாம், நோய் வரலாம் என்பது அவர்களுக்குத் தெரியும், மிகையாகவே தெரியும். தெரிந்துதான் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய போதைத் தடுப்பு வகுப்பான 'டேர்' திட்டத்தின் கதையும் இதுதான். சீருடைக் காவலர் வகுப்பறைக்கே வந்து பாடம் நடத்தினார். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்தப் பாடத்தால் போதைப் பழக்கம் குறைந்தது என்று சொல்லும்படியாக ஏதும் இல்லை. நம் ஊர்ப் பேரணிகளை யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பதால் அவை தப்பித்துக்கொண்டிருக்கின்றன.

தெரியாமல் செய்யவில்லை என்றால் ஏன் செய்கிறார்கள்? அடுத்ததாக நாம் எடுத்து வைக்கும் பதில் சோகம். மனம் உடைந்தவன் குடிக்கிறான், தனிமையில் வாடுபவன் வேகமாக ஓட்டுகிறான். இந்தப் படத்தை நம் மனதில் வரைந்ததில் 1953-இன் தேவதாஸுக்குப் பெரும் பங்கு உண்டு. நாகேஸ்வர ராவ் தெலுங்கிலும் தமிழிலும் நடித்த அந்தப் படத்துக்குப் பிறகு, இரண்டு மொழிக்காரர்களுக்கும் காதல் தோல்வி என்றாலே கையில் பாட்டில்தான்.

ஆனால் அன்றாட வாழ்க்கையை அளந்தால் தேவதாஸ் அபூர்வப் பிறவியாகத்தான் தெரிகிறான். அளக்கும் முறை எளிமையானது. ஆய்வில் கலந்துகொள்பவரின் ஃபோனுக்கு நாள்தோறும், சில சமயம் ஒரே நாளில் பலமுறை, சின்னக் கேள்விகள் வரும்: இப்போது மனநிலை எப்படி, நேற்று குடித்தீர்களா, எவ்வளவு? ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், ஒரே ஆளின் நல்ல நாளையும் கெட்ட நாளையும் ஒப்பிட முடிகிறது என்பதே இதன் பலம். இப்படிப்பட்ட 69 ஆய்வுகளின் தரவைத் திரட்டி, 12,394 பேரின் நாட்களை ஜோனஸ் டோராவும் கெவின் கிங்கும் வேறு பல ஆய்வாளர்களும் அலசினார்கள். 2023-இல் முடிவு வெளிவந்தது. மனம் சோர்ந்த நாட்களில் மனிதர்கள் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கவில்லை. மகிழ்ச்சியான நாட்களில்தான் அதிகம் குடித்தார்கள். குடிக்கும் வாய்ப்பும் அந்த நாட்களில்தான் கூடியிருந்தது.

இந்த முடிவை முதலில் நம்ப மறுக்கத் தோன்றும். கொஞ்சம் யோசித்தால், கல்லூரி வாழ்க்கை தெரிந்த யாருக்கும் இது புதிதல்ல. கேம்பஸ் வேலை கிடைத்த இரவு, கடைசித் தேர்வு முடிந்த மாலை, ஐபிஎல்லில் தன் அணி ஜெயித்த நேரம், பேக்லாக் எல்லாம் ஒருவழியாக 'க்ளியர்' ஆன நாள். விபரீதங்கள் நடக்கும் தேதிகள் பெரும்பாலும் கொண்டாட்டத் தேதிகள்தான்.

இதற்கு உளவியலில் ஓர் அளவுகோலே இருக்கிறது. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் வைட்ஸைடும் லைனமும் 2001-இல் 'அவசர புத்தி' என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதைப் பிரித்துப் பார்த்தார்கள். யோசிக்காமல் செய்வது ஒன்று, தொடங்கியதை முடிக்காமல் விடுவது வேறொன்று, புதுப் பரபரப்பைத் தேடுவது இன்னொன்று. இவற்றோடு நான்காவதாக ஒன்று தனியே நின்றது: மனம் வேதனையில் கொதிக்கும்போது மட்டும் கட்டுப்பாடு இழப்பது. சில வருடங்களில் அங்கேயே மெலிசா சைடர்ஸும் கிரெகரி ஸ்மித்தும் அதன் மறுபக்கத்தையும் காட்டினார்கள். சந்தோஷம் தலைக்கேறும்போது மட்டும் கட்டுப்பாடு இழப்பவர்களும் இருக்கிறார்கள். மற்ற நேரங்களில் நிதானமான பிள்ளை, வீட்டில் பொறுப்பானவன், அப்பாவின் கணக்கையும் பார்த்துக்கொள்பவன். கல்லூரி முதலாண்டு மாணவர்களைப் பின்தொடர்ந்தபோது, சூதாட்டம் யாரிடம் கூடப்போகிறது என்பதை முன்கூட்டிக் காட்டியது இந்தச் சந்தோஷ அவசரம்தான்.

பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியை 2017-இலேயே தடுத்த மாநிலம் தெலங்கானா. 2025 ஆகஸ்டில் இணையப் பண விளையாட்டுகளுக்கு நாடு முழுவதற்குமாகத் தடைச் சட்டம் வந்தது. இந்தச் சட்டங்களைக் கடன் தொல்லையை வைத்துத்தான் நியாயப்படுத்துகிறோம். ஆனால் அந்தச் செயலிகள் நேசித்தது தோற்றவனை மட்டும் இல்லை, முதல் ஆட்டத்தில் இருநூறு ரூபாய் ஜெயித்து உற்சாகத்தில் இருந்த பையனையும்தான்.

இனி பின்சீட்டுக்காரனைக் கவனிப்போம். ஃபிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் நடத்திய சோதனை (2005) இன்று பாடப் புத்தகங்களில் இருக்கிறது. 306 பேர், மூன்று வயதுப் பிரிவு: 13 முதல் 16, 18 முதல் 22, பிறகு 24-க்கு மேல். கணினித் திரையில் ஒரு கார் ஓடும், சிக்னல் மஞ்சளாகும். எவ்வளவு தூரம் துணிந்து போகிறோமோ அவ்வளவு புள்ளி, ஆனால் சிக்னல் சிவப்பாகி மோதினால் எல்லாம் போச்சு. பாதிப் பேர் தனியாக ஆடினார்கள், மீதிப் பேர் சம வயதினர் இருவர் அருகில் இருக்க ஆடினார்கள். தனியாக ஆடியவர்களிடம் வயது வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. பக்கத்தில் ஆள் வந்ததும் கதை மாறியது. பதின்வயதினரின் துணிச்சல் இரண்டு மடங்கானது. கல்லூரி வயதினருக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 24 தாண்டியவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை.

இதே ஆய்வுக்கூடத்தின் பிந்தைய சோதனைகளில் இன்னும் விசித்திரமான ஒன்று தெரிந்தது. பக்கத்தில் நண்பன் இருக்கக்கூட வேண்டாம். முகம் தெரியாத சமவயது ஆள் ஒருவர் அடுத்த அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னாலே போதும், 18 முதல் 22 வயதினர் பிறகு கிடைக்கப்போகும் பெரிய பரிசைவிட உடனே கிடைக்கும் சின்னப் பரிசின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். ரீல்ஸ் எடுப்பதற்காகத் தண்டவாளத்தில் நிற்பவனைப் பற்றி இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் அமெரிக்கப் பிள்ளைகளின் கதைதானே என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். உளவியலின் பெரிய பலவீனம் அது. ஜெஃப்ரி ஆர்னெட் 2008-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்: அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னணி இதழ்களில் ஆய்வுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அமெரிக்கர்கள். நம் நாட்டில் வேறொரு சிக்கல். வகுப்பறையில் கேள்வித்தாள் கொடுத்து, "கடந்த மாதம் குடித்தாயா?" என்று, இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியரே வாங்கினால் யார் உண்மை எழுதுவார்? அப்படி ஒரே நாளில் நிரப்பி வாங்கிய தாள்களிலிருந்து, சோகம் குடியைக் கொண்டுவந்ததா, குடி சோகத்தைக் கொண்டுவந்ததா என்றும் பிரித்தறிய முடியாது.

ஆனால் வயது விஷயத்தில் இந்தியாவையும் சேர்த்த சான்று இருக்கிறது. இந்தியா, சீனா, கென்யா, ஜோர்டான், ஸ்வீடன் உள்ளிட்ட 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரையிலான 5,404 பேரை ஸ்டைன்பெர்க் குழு சோதித்து 2018-இல் எழுதியது. பரபரப்பைத் தேடும் நாட்டம் சிறு வயதிலிருந்து ஏறிக்கொண்டே வந்து 19 வயது வாக்கில் உச்சம் தொடுகிறது, பிறகு இறங்குகிறது. தன்னைத் தானே அடக்கும் திறனோ 20-களின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. உச்சமும் குறையும் ஒரே சமயத்தில் இருக்கும் அந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் சரியாகப் பிள்ளையை முதல்முறையாக விடுதியில் சேர்க்கிறோம், கையில் பைக் சாவியைக் கொடுக்கிறோம்.

நண்பர்கள் கெடுக்கிறார்கள் என்பதா இதன் பொருள்? அவசரப்பட வேண்டாம். ஸ்டைன்பெர்க் குழுவே 2016-இல் வேறொரு சோதனை செய்தது. 18 முதல் 22 வயது இளைஞர்கள் மட்டும் இருந்த குழுக்கள் வழக்கம்போல் துணிந்தன. அதே வயதினர் மூவரோடு 25 முதல் 30 வயதுக்குள் ஒரே ஒருவரைச் சேர்த்ததும் குழுவின் நிதானம் திரும்பிவிட்டது. அவர் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை, குழுவில் ஓர் ஆளாக இருந்தாலே போதும். இளம் சிப்பாய்களை எப்படிச் சேர்த்து அமைப்பது என்ற ராணுவக் கவலை இந்த ஆராய்ச்சியின் பின்னணியில் இருந்தது. கல்லூரிகளோ முதலாண்டு மாணவர்களைத் தனி விடுதியில் பூட்டி வைக்கின்றன. ராகிங் பயத்தில் செய்வது, புரிகிறது. ஆனால் ஆராய்ச்சி மாணவரோ, இளம் விரிவுரையாளரோ, 'அன்னா' என்று கூப்பிடும் தூரத்தில் ஒருவர் அந்தத் தளத்தில் இருந்தால் கிடைக்கும் பலனை எந்தப் பதாகையும் தராது.

இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடலாம். பிரின்ஸ்டன் மாணவர்களிடையே டெபோரா பிரெண்டிஸும் டேல் மில்லரும் 1993-இல் கண்டது: வளாகத்துக் குடி தனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, ஆனால் மற்ற எல்லோருக்கும் சகஜம் என்று ஏறக்குறைய ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். எல்லோரும் அப்படி நினைத்தால் அந்த 'மற்ற எல்லோரும்' யார்?

அப்படியானால் சோகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா? இந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். சோர்ந்த நாளில் குடி கூடவில்லை என்பதற்காகச் சோர்வு ஆபத்தில்லாதது என்றாகிவிடாது. உலக சுகாதார அமைப்பு ஆதரவில், 8 நாடுகளின் 19 கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் 13,984 பேரிடம் நடந்த ஆய்வில், வாழ்நாளில் ஏதாவது ஒரு பொதுவான மனநலக் கோளாறைச் சந்தித்திருந்தவர்கள் 35 சதவீதம். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நம் கணக்கு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவில், 2022-இல் மட்டும் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர்.

சோகம் கொல்வது பெரும்பாலும் சத்தமில்லாமல்தான். கல்லூரிக்குப் புதிதாகப் போகும் மாணவர்களை, போவதற்கு முன்பும் முதல் பருவம் முடிந்த பின்பும் சஞ்சய் ஸ்ரீவஸ்தவாவும் ஜேம்ஸ் கிராஸும் மற்றவர்களும் அளந்தார்கள் (2009). உணர்ச்சியை வெளியே காட்டாமல் அமுக்கும் பழக்கம் கூடியவர்களுக்கு, பருவம் முடியும்போது ஆதரவாகத் தோள் கொடுப்போர் குறைந்திருந்தார்கள், நெருக்கமும் குறைந்திருந்தது. அமுக்கியதால் வருத்தம் போகவில்லை. வருத்தம் இருக்கிறது என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். ஆசியப் பண்புகளோடு வளர்ந்தவர்களுக்கு இந்த நஷ்டம் சற்றுக் குறைவு என்று எமிலி பட்லர் குழுவின் ஆய்வு (2007) காட்டுகிறது. நாம் அடக்கத்தைப் பழகியவர்கள், அதைப் படிக்கவும் ஓரளவு தெரிந்தவர்கள். ஆனால் அந்தப் படிப்பு வீட்டில் செல்லும். அம்மா குரலை வைத்தே, "ஏண்டா, சாப்பிடலையா?" என்று கண்டுபிடித்துவிடுவாள். சித்திப்பேட்டையிலிருந்தோ வேலூரிலிருந்தோ வந்து, விடுதியில் நான்கு பேர் அறையில் இருப்பவனின் குரலைப் படிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

உலக சுகாதார அமைப்பின் ஐந்து கேள்விக் கருவி ஒன்று இருக்கிறது. நோயைப் பற்றி ஒரு கேள்வியும் அதில் இல்லை. கடந்த இரண்டு வாரத்தில் மனம் உற்சாகமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, உடலில் தெம்பு இருந்ததா, தூங்கி எழும்போது புத்துணர்ச்சி இருந்ததா, அன்றாடத்தில் ஆர்வமூட்டும் விஷயங்கள் இருந்தனவா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. மொத்தம் 25-இல் 13-க்குக் கீழே வந்தால் ஒரு நிபுணரைப் பார்ப்பது நல்லது. மூன்று நிமிட வேலை. மதிப்பெண் பட்டியலை வாரந்தோறும் வீட்டுக்கு அனுப்பும் கல்லூரிகளால் இதைச் செய்ய முடியாதென்று யாரும் சொல்ல முடியாது.

மகிழ்ச்சியில் நடக்கும் விபரீதத்துக்கும் வேதனையில் நடக்கும் விபரீதத்துக்கும் பொதுவானது அந்த நேரத்தின் குறுகல்தான். கொதிநிலை வருடக்கணக்கில் நீடிப்பதில்லை. மணிக்கணக்கில், சில சமயம் அதற்கும் குறைவாகவே நீடிக்கிறது. அதனால்தான் அந்த நேரத்தைக் கடக்க வைக்கும் ஏற்பாடுகள், அறிவுரையைவிட அதிக உயிர்களைக் காக்கின்றன.

2019 ஏப்ரலில் தெலங்கானா இன்டர்மீடியட் முடிவுகள் வந்தபோது நடந்ததை ஹைதராபாத் மறக்கவில்லை. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வில் மூன்று லட்சத்துக்கும் மேல் தோல்வி. முடிவுகளிலேயே பிழைகள். தெலுங்குப் பாடத்தில் பூஜ்யம் என்று வந்த ஒரு மாணவியின் தாளை மறுபடி பார்த்தபோது 99 இருந்தது. அந்த நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிரை விட்டார்கள். தோல்வியடைந்த எல்லோருடைய தாளையும் இலவசமாகச் சரிபார்க்க அரசு பிறகு உத்தரவிட்டது. பிறகு.

தமிழ்நாட்டில் இதற்கொரு முன்னுதாரணம் உண்டு. 1986-இல் சென்னையில் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தேர்வில் தவறியவர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் உடனே மறுபடி எழுத வழி வேண்டும் என்று வலியுறுத்தினார். 2000-களின் தொடக்கத்தில் அந்த ஏற்பாடு வந்தது. அதன் பிறகு தேர்வுத் தோல்வியை ஒட்டிய தற்கொலைகள் குறைந்தன என்று அவர் சொல்லிவருகிறார். ஒரு பிள்ளைக்கும் கூடுதலாக அறிவுரை சொல்லவில்லை. தேர்வின் கால அட்டவணையை மாற்றினார்கள். தெலங்கானாவிலும் சப்ளிமென்டரி தேர்வு உண்டு. ஆனால் வழி இருந்தால் மட்டும் போதாது. முடிவு வரும் அதே திரையில், அதே நிமிடத்தில், 'அடுத்த தேர்வு இந்தத் தேதியில்' என்று கண்ணில் பட வேண்டும். அதற்குக் கீழே 14416 என்ற எண்ணும் இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் எண் அது. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தெலுங்கிலும் தமிழிலும் பேசலாம்.

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த 17 வயது மாணவியின் மரண வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிலையங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைக் கூடியவரை 'பேட்ச்' பிரிக்கக் கூடாது. இந்த இரண்டாவது உத்தரவின் அருமை, ஹைதராபாத் ஜூனியர் காலேஜ்களில் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். ஆனால் நீதிமன்றம் சொன்னதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் பெற்றோர்தான். அடுத்த முறை அட்மிஷனுக்குப் போகும்போது, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கும் அதே மேஜையில் இந்த மூன்றையும் கேளுங்கள்: உங்கள் ஆலோசகர் பெயர் என்ன, வாரத்தில் எத்தனை நாள் இங்கே இருப்பார், அவரைப் பார்க்க என் பிள்ளை யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?